எடிட்டர் எத்தனை விசைகளை நினைவில் வைக்கலாம்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் டிடிபி கடை நடத்தும் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவரும் அவருடைய நண்பரும் சேர்ந்து, கடையில் மனுக்களைத் தட்டச்சு செய்வதற்கென்றே சிறிய தமிழ் எடிட்டர் ஒன்றை எழுதி வருகிறார்கள். "என்னவோ கைபட்டுவிட்டது, அடித்ததையே காணவில்லை" என்று தட்டச்சு செய்பவர் சொல்லும்போது, உண்மையில் என்ன அழுத்தப்பட்டது என்று பார்ப்பதற்காகக் கடைசி 300 விசைகளைக் காட்டும் வசதியை அதில் வைத்திருக்கிறார்கள். அந்த 300 நிரலுக்குள்ளேயே எழுதிவிட்ட எண். அது போதவில்லை என்று சிலர் சொல்கிறார்களாம். பயனரே மாற்றிக்கொள்ள விடலாமா, விட்டால் எதுவரை விடலாம், கடையில் இருக்கும் பழைய கணினிகள் தாங்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

மாற்றிக்கொள்ள விடலாம், விடவும் வேண்டும். கணினி தாங்குமா என்ற கவலை தேவையில்லை. அந்த வரலாற்றுக்குள் யாருடைய விவரங்கள் எவ்வளவு நேரம் தங்கிக் கிடக்கின்றன என்பதுதான் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் நினைவகத்தை முடித்துவிடுவோம். எந்த விசை, கூடவே ஷிப்டோ கன்ட்ரோலோ அழுத்தப்பட்டதா, அது எந்தக் கட்டளையை இயக்கியது, எந்த நேரத்தில் என்ற நான்கு செய்திகளையும் தாராளமாக 32 பைட்டுக்குள் அடக்கிவிடலாம். அப்படியானால் 300 விசைகளுக்கு 9,600 பைட். 10,000 விசைகளுக்கு 3,20,000 பைட், அதாவது ஏறத்தாழ 313 கிலோபைட். ஒரு லட்சம் விசைகளுக்குக்கூட 3.2 மெகாபைட்தான் ஆகும். இவை எந்தப் பழைய கணினிக்கும் ஒரு பொருட்டே இல்லை.

உங்களுடைய 300 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லவில்லை என்றாலும், ஈமேக்ஸ் எடிட்டரில் நெடுங்காலம் இருந்த எண்ணும் அதுவே. அங்கே கன்ட்ரோல்-எச், பிறகு எல் என்று அழுத்தினால் கடைசியாக அழுத்திய விசைகளும் அவை இயக்கிய கட்டளைகளும் ஒரு சாளரத்தில் வரும். அந்த 300 நிரலில் பதிந்த மாறிலியாகவே இருந்து, 2022இல் வெளியான 28ஆம் பதிப்பில்தான் பயனர் மாற்றிக்கொள்ளக் கூடியதாக ஆனது. அதற்கென்று 'லாஸேஜ்-சைஸ்' என்ற தனிக் கட்டளை வந்தது. 100க்குக் கீழே எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது மறுத்துவிடும். இந்தக் கீழ் எல்லை கவனிக்கத் தக்கது. ஐந்தாறு விசைகளை மட்டும் வைத்திருக்கும் வரலாறு, அந்தச் சாளரத்தைத் திறப்பதற்காக அழுத்திய விசைகளாலேயே கணிசமாக நிரம்பிவிடும்.

சரியான எண் எது என்று கேட்டால், கைபட்ட நொடிக்கும் அது கண்ணில் பட்ட நொடிக்கும் இடையில் எத்தனை விசைகள் ஓடியிருக்கும் என்று பாருங்கள் என்பேன். அடித்ததைக் காணவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான்: ஷிப்டோடு அழுத்த வேண்டிய ஏ-விசை கன்ட்ரோலோடு அழுந்திவிடுகிறது, முழுப் பக்கமும் தேர்வாகிவிடுகிறது, அடுத்து அடித்த ஓரெழுத்து முழு மனுவின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. திரையைப் பார்த்து அடிப்பவர் இதை உடனே கண்டுவிடுவார். அவருக்கு இருபது விசைகளே போதும். ஆனால் மனு அடிப்பவர்கள் திரையைப் பார்ப்பதில்லை. எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்து ஒரு பத்தி முழுவதையும் அடித்துவிட்டுத்தான் தலை நிமிர்கிறார்கள். நிமிடத்துக்கு 45 சொல், சொல்லுக்கு ஐந்து அழுத்தம் என்ற தட்டச்சு சீனியர் வேகக் கணக்கில் நிமிடத்துக்கு 225 விசைகள் ஆகின்றன. அந்த வேகத்தில் 300 விசைகள் என்பது ஒரு நிமிடம் இருபது நொடி மட்டுமே. உங்களிடம் போதவில்லை என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். ராமநாதபுரம் என்ற சொல்லுக்கு எழுத்துகள் ஏழு; யூனிகோடில் குறியீடுகள் பதினொன்று. தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அதே பதினொரு அழுத்தங்களில் அது முடிந்துவிடும். ஆங்கில ஒலிப்பு முறையில் அடிப்பவர் அதற்குப் பதினாறு முறை அழுத்த வேண்டும். இடைவெளி விசையையும் சேர்த்தால், 300 விசைகளுக்குள் முதலாமவருக்கு இத்தகைய சொற்கள் இருபத்தைந்து அடங்கும், இரண்டாமவருக்குப் பதினேழுதான் அடங்கும். ஒரே கடையில் அடுத்தடுத்த நாற்காலியில் இருக்கும் இருவருக்கு ஒரே எண் வெவ்வேறு தூரத்தைக் குறிக்கிறது. பயனர் மாற்றிக்கொள்ள விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லினக்ஸில் ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை வழியாகத் தமிழ் அடிக்கும்போது, பல விசைகளை அந்த முறையே விழுங்கிக்கொண்டு, முடிந்துபோன தமிழ் உரையை மட்டும் எடிட்டரிடம் கொடுக்கும். எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போது அழுத்திய பேக்ஸ்பேஸ்கூட உங்கள் எடிட்டரை எட்டாமல் போகலாம். ஆகவே நீங்கள் பதிவது சில வேளை விசையாகவும் சில வேளை உரைத் துண்டாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே வகையாகக் காட்டாமல், 'விசை' என்றும் 'உள்ளீடு' என்றும் பிரித்துக் காட்டுங்கள். எல்லை எதை எண்ணுகிறது என்பதை அமைப்புத் திரையில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். ஒட்டப்பட்ட உரையை வரலாற்றுக்குள் கொண்டுவரவே வேண்டாம். 'ஒட்டல், 1,240 குறியீடுகள்' என்ற குறிப்பு போதும். இல்லையென்றால் ஒரு பதிவு 32 பைட் என்ற கணக்கும் உடைந்துபோகும், யாரோ ஒருவருடைய கடிதம் முழுவதும் உள்ளே வந்து தங்கிவிடும்.

அடுத்தது, நம் கரையோரத்துக்கே உரிய தொல்லை. உப்புக்காற்று பட்ட கீபோர்டில் விசைகள் ஒட்டிக்கொள்ளும், அல்லது ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை விழும். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்தில் கணினி பழுது பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அழுந்திய நிலையில் நிற்கும் விசை நொடிக்கு 25, 30 என்ற கணக்கில் தன்னைத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். பேக்ஸ்பேஸ் ஒன்று பத்துப் பன்னிரண்டு நொடி ஒட்டிக்கொண்டால் உங்கள் 300 இடங்களும் பேக்ஸ்பேஸாலேயே நிரம்பி, அதற்கு முன் என்ன நடந்தது என்பது முழுவதும் வெளியே தள்ளப்பட்டுவிடும். எல்லையை 3,000 ஆக்கினாலும் இது தீராது. தொடர்ந்து வரும் ஒரே விசையை ஒரே பதிவாக்கி, 'பேக்ஸ்பேஸ், 312 முறை' என்று எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் அழுத்தத்தின் நேரம், கடைசி அழுத்தத்தின் நேரம், இடைவெளிகளுள் மிகச் சிறியது ஆகிய மூன்றையும் அந்தப் பதிவோடு வைத்துக்கொண்டால், கை அழுத்தியதா கீபோர்டு கெட்டதா என்பதையும் பிரித்துவிடலாம். ஒட்டிய விசை சீரான இடைவெளியில் வரும். துருவேறிய விசையின் இரட்டை அழுத்தம் மனித விரலால் முடியாத சில மில்லி நொடிகளுக்குள் வரும். எண்ணிக்கையைப் பெரிதாக்குவதற்கு முன் பதிவைச் செறிவாக்குங்கள் என்பது இதன் பொருள்.

செறிவாக்கும் அதே வழி தனியுரிமைக்கும் உதவுகிறது என்பதால் அங்கே வருகிறேன். உங்கள் கடையில் அடிக்கப்படுவது என்ன? திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு ஆட்சியரிடம் கொடுக்கும் மனு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் நிவாரணம் வரவில்லை என்ற விண்ணப்பம். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகையும் ஆட்களையும் மீட்டுத் தரக் கோரும் கடிதம். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, பன்னிரண்டு இலக்க ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், படகின் பதிவு எண் எல்லாம் இருக்கும். மனுவை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, கோப்பையும் அழித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விசை வரலாற்றில் அந்த ஆதார் எண் இன்னும் வரிசையாக நிற்கிறது. அடுத்து வந்து உட்காருபவர் ஒரு விசையை அழுத்தினால் அது திரையில் வரும். எல்லையை 300இலிருந்து 10,000க்கு உயர்த்தும் பயனர், தனக்கு வசதி செய்துகொள்வதாக நினைத்து, காலையிலிருந்து வந்து போன வாடிக்கையாளர்கள் பலருடைய விவரங்களைக் கணினியில் தங்க வைக்கிறார். நோக்கம் முடிந்ததும் தனிநபர் தரவை அழித்துவிட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் உள்ள கோட்பாடுதான். சட்டம் இல்லாவிட்டாலும் கடைக்காரருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

ஆகவே இயல்பு நிலையில் எழுத்துகளையும் எண்களையும் அப்படியே பதியாதீர்கள். 'தமிழ் எழுத்து 43, எண் 12, கன்ட்ரோல்-ஏ: அனைத்தையும் தேர்ந்தெடு, தமிழ் எழுத்து 1: தேர்ந்ததை மாற்று' என்று பதிந்தால், அடித்தது காணாமல் போன கதை முழுவதும் தெரிந்துவிடுகிறது, ஆதார் எண்ணின் ஓர் இலக்கமும் தெரிவதில்லை. இந்த முறையில் ஒரு மனுவே சில நூறு பதிவுகளுக்குள் அடங்கிவிடும் என்பதால், 300 என்ற சிறிய எண்கூட வெகுதூரம் பின்னோக்கிப் பார்க்க உதவும். விசைகளை ஒவ்வொன்றாகக் காட்டும் முழு விவரப் பதிவு தேவைப்படும் நேரமும் உண்டு. படகின் பதிவு எண்ணை அடிக்கத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறி, திரும்பத் தமிழுக்கு மாற மறந்து, நான்கு வரி பொருளற்ற எழுத்தாக ஓடிப்போனது ஏன் என்று பார்ப்பதற்கு அது வேண்டும். அதைப் பயனர் தாமாகவே இயக்க வேண்டும். இயங்கும்போது திரையின் ஓரத்தில் ஒரு குறி தெரிய வேண்டும். எடிட்டரை மூடினால் அது தானாகவே அணைந்துவிட வேண்டும். கடவுச்சொல் கேட்கும் இடங்களில் இரண்டு முறையிலும் பதிவு கூடாது. ஈமேக்ஸிலும் கடவுச்சொல்லின் எழுத்துகள் இயல்பாகப் பதியப்படுவதில்லை.

எண்ணிக்கையோடு நேர எல்லையையும் சேர்த்து வையுங்கள். எது முன்னால் நிறைகிறதோ அது செல்லும். பலர் மாறி மாறி உட்காரும் கணினியில் எண்ணிக்கையைவிட நேர எல்லைக்கே மதிப்பு அதிகம், ஏனென்றால் கூட்டமில்லாத மதியத்தில் 2,000 விசைகள் நிரம்ப வெகுநேரம் ஆகலாம், அதுவரை காலையில் வந்தவரின் மனு உள்ளேயே இருக்கும். பதினைந்து நிமிடம் என்பது உங்கள் கடைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. பழையதை அழிக்கும் வேலையை அடுத்த விசை அழுத்தப்படும் வரை தள்ளிப்போடாதீர்கள்; அப்படிச் செய்தால் இரவு முழுவதும் திறந்தே கிடக்கும் எடிட்டரில் எதுவும் அழியாது. தனியாக ஒரு டைமர் வேண்டும். அடுத்து, நேரத்தைக் கணினியின் சுவர்க்கடிகாரத்திலிருந்து எடுக்காதீர்கள். பழைய கணினிகளில் போர்டின் மின்கலம் தீர்ந்துபோய், இயக்கும்போது ஏதோ ஒரு பழைய தேதியில் தொடங்கி, இணையம் கிடைத்ததும் இன்றைக்குத் தாவும். பின்னோக்கிப் போகாத ஓட்டக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். லினக்ஸில் மோனோடோனிக் கடிகாரம் கணினி உறங்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்காது, பூட்டைம் கடிகாரம் எடுக்கும். மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு மறுநாள் திறப்பவர்களுக்காக இரண்டாவதே சரி.

எல்லையை யார் வைப்பது என்பதில் கடைக்காரரும் தட்டச்சு செய்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பதை மறக்க வேண்டாம். கடைக்காரர் மாற்றக்கூடிய பொது அமைப்புக் கோப்பில் உச்ச வரம்பு ஒன்று இருக்கட்டும். தட்டச்சு செய்பவர் அதற்குள் தமக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளட்டும். இரண்டில் சிறியது செல்லும். அவர் 5,000 கேட்டு, அனுமதி 2,000தான் என்றால், சத்தமில்லாமல் 2,000 ஆக்கிவிடாமல், கேட்டது இவ்வளவு, இந்தக் கணினியில் நடைமுறையில் இருப்பது இவ்வளவு என்று இரண்டையும் காட்டுங்கள். கீழ் எல்லைக்கு 100 போதும். பூஜ்யத்தை 'அணை' என்பதற்கான மறைபொருளாக்காதீர்கள். பதிவு வேண்டாம் என்பவருக்குத் தனியாக ஒரு தேர்வுப் பெட்டி வையுங்கள். கழித்தல் குறியோடு வரும் எண்ணையும் எழுத்துகளையும் மறுத்து, காரணத்தைத் தமிழில் சொல்லுங்கள். 1,00,000 என்று நம் வழக்கப்படி காற்புள்ளியோடு அடிப்பவரையும், ௨௦௦௦ என்று தமிழ் எண்ணில் அடிப்பவரையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாமவர் அபூர்வம்தான், ஆனால் தமிழ் எடிட்டர் ஒன்று தமிழ் எண்ணைப் பிழை என்று சொல்வது நன்றாக இருக்காது.

எண் மாறும்போது உள்ளே நடக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வைத்திருப்பது வட்டப் பட்டியல் என்று எடுத்துக்கொள்கிறேன். நிரம்பியதும் அடுத்த பதிவு மிகப் பழையதன் மேல் எழுதப்படும். அளவை மாற்றும்போது பழைய வரிசையை அப்படியே நீட்டவோ வெட்டவோ கூடாது, ஏனென்றால் மிகப் பழைய பதிவு பட்டியலின் நடுவில் எங்கோ இருக்கும். புதிய இடத்தை முதலில் ஒதுக்கி, அது கிடைத்த பிறகு புதிய பதிவுகளைக் கால வரிசையில் நகலெடுத்து, அதன் பின்னரே பழையதை விடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பழைய எல்லை அப்படியே தொடரட்டும். ஒதுக்குவதற்கு முன் எண்ணை 32ஆல் பெருக்குவீர்கள். 20 கோடி என்று யாராவது விளையாட்டாக அடித்தால் அந்தப் பெருக்கம் 640 கோடியாகி, குறியில்லாத 32 பிட் முழு எண்ணின் உச்சமான 429 கோடியைத் தாண்டி, மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணியதுபோல் சிறிய எண்ணாகச் சுருண்டு, சிறிய இடம் ஒதுக்கப்பட்டு, பெரிய பட்டியல் எழுதப்படும். பெருக்குவதற்கு முன்பே உச்ச வரம்போடு ஒப்பிட்டுவிட்டால் இது வராது.

எல்லையைக் குறைக்கும்போது வெளியேறும் பதிவுகள் உண்மையாகவே அழிய வேண்டும். நினைவகத்தை விடுவித்துவிட்டால் மட்டும் அதில் இருந்தது மறைந்துவிடாது. விடுவிப்பதற்குச் சற்று முன் பூஜ்யங்களை நிரப்பும் வரியை எழுதினாலும், இனி அதை யாரும் படிக்கப் போவதில்லை என்று கண்டுகொண்டு, நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடக்கூடும். அதற்காகத்தான் 'எக்ஸ்ப்ளிசிட் பிஜீரோ' போன்ற, நீக்க முடியாத அழிப்புச் சார்புகள் இருக்கின்றன. பதிவை அணைத்தாலும், 'புதிய மனு' தொடங்கினாலும் இதே அழிப்பு நடக்க வேண்டும். அமைப்புக் கோப்பை நேரடியாகத் திருத்தி எண்ணை மாற்றுபவர்களும் இருப்பார்கள். எண்ணை வைத்திருக்கும் மாறியின் மதிப்பு மட்டும் மாற, பட்டியல் பழைய அளவிலேயே நின்றுவிடாதபடி, எந்த வழியாக எண் வந்தாலும் ஒரே செயற்கூறு வழியாகவே அது போகும்படி எழுதுங்கள். ஈமேக்ஸில் இதை மாறியாக வைக்காமல் கட்டளையாக வைத்ததில் இந்த வசதி இருக்கிறது.

கடைசியாக, மின்தடை வந்தால் வரலாறு போய்விடுகிறதே, அதை வட்டில் எழுதி வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மின்தடையில் காப்பாற்ற வேண்டியது மனுவை. அது தானியங்கிச் சேமிப்பின் வேலை. விம் எடிட்டர் 200 எழுத்துகள் அடித்ததும் அல்லது நான்கு நொடி கை ஓய்ந்ததும் மாற்றுக் கோப்பில் எழுதிவிடுகிறது. ஈமேக்ஸ் ஏறத்தாழ 300 விசைகளுக்கு ஒருமுறையோ, அரை நிமிட ஓய்விலோ அதைச் செய்கிறது. தவறாக அழித்ததை மீட்பது அன்டூவின் வேலை. விசை வரலாறு என்ன நடந்தது என்பதைச் சொல்ல மட்டுமே இருக்கிறது. அதை வட்டில் எழுதத் தொடங்கினால் எல்லை என்று ஒன்று வைத்ததன் பொருளே போய்விடும், ஏனென்றால் கோப்புக்குப் பிரதிகள் உண்டு, பென்டிரைவில் போன காப்புகள் உண்டு. பிழை அறிக்கையோடு வரலாற்றையும் உங்களுக்கு அனுப்பும் வசதியை எழுதினால், அது இயல்பாகச் சேராமல் இருக்கட்டும். ஈமேக்ஸின் பிழை அறிக்கையிலும் ஒரு காலத்தில் அண்மை விசைகள் தாமாகவே சேர்ந்துகொண்டிருந்தன. பின்னர் அது நீக்கப்பட்டது. சேர்க்க விரும்புபவருக்கு, போகப் போகும் வரிகள் முழுவதையும் முதலில் திரையில் காட்டி, வேண்டாத வரியை அவரே நீக்கிவிட்டு அனுப்பும்படி வையுங்கள்.